'ஒரு பீஸ் எவ்வளவு வருது?'ன்னு கேக்காதீங்க சாமி

அச்சகத்துக்குள்ள காலை வெச்சதும் எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி இதுதான். "அண்ணே, ஒரு பீஸ் எவ்வளவு வருது?" பில் புக் அடிக்க வந்தவரும் இதையே கேக்குறார், கவிதைத் தொகுப்பு போட வந்த நம்ம பதிவரும் இதையே கேக்குறார். கேட்ட உடனே கவுண்டர்ல இருக்கிறவர் முகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க. அந்தச் சிரிப்பைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எங்க ஊர் சிக்கல். சிங்காரவேலர் கோயில் இருக்கிற நாகப்பட்டினம் பக்கத்து சிக்கல் இல்லீங்க. இது ராமநாதபுரம் மாவட்டம், சாயல்குடி, வாலிநோக்கம் பக்கத்துல இருக்கிற சிக்கல். மிளகாயும் பனையும் கருவேலமும் இருக்கிற சீமை. பெரிசா அச்சடிக்கணும்னா ராம்நாட்டுக்கோ மதுரைக்கோ போகணும், இல்லைன்னா சிவகாசி ஏஜென்ட் வீட்டுக்கே வருவார். அதனால "மெஷின் பக்கத்துல நின்னு பாத்து வாங்குங்க"ன்னு சென்னைக்காரங்க சொல்ற அறிவுரை எங்களுக்குச் செல்லாது.

சரி, சண்டைக்கு வருவோம். ரெண்டு கோஷ்டி இருக்கு. ஒரு கோஷ்டி, "டிஜிட்டல்னா கலர் ஜெராக்ஸ் தானே, ஆஃப்செட் தான் அச்சு"ன்னு சொல்ற பழைய ஆளுங்க. இன்னொண்ணு, "ஆஃப்செட் செத்துப்போச்சு, இனிமே எல்லாமே டிஜிட்டல்"னு லேப்டாப்பைத் தட்டிக்கிட்டே தீர்ப்பு எழுதற இளவட்டங்க. ரெண்டு பேரும் மெஷினைப் பத்திப் பேசுறாங்களே ஒழிய, அடிச்ச சரக்கு எங்க போய் உக்காருதுன்னு பேசுறதே இல்லை.

எப்படி வேலை நடக்குதுன்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. ஆஃப்செட்ல நாலு கலருக்கு நாலு அலுமினியம் பிளேட் போடணும். பிளேட்ல மை ஒட்டற இடம், தண்ணி ஒட்டற இடம்னு ரெண்டு உண்டு. எண்ணெயும் தண்ணியும் சேராதுங்கிற நம்ம சமையக்கட்டு சங்கதிதான். பிளேட்ல இருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்கு, அதுல இருந்து பேப்பருக்கு. இந்த ரப்பர் விஷயமே தற்செயல்னு சொல்வாங்க. 1904 வாக்குல அமெரிக்காவுல ஐரா ரூபெல்னு ஒருத்தர் கல்லச்சு மெஷின்ல பேப்பர் போட மறந்த நேரத்துல மை ரப்பர் சிலிண்டர்ல விழுந்து, அடுத்த தாளோட பின்பக்கம் முன்பக்கத்தை விடத் தெளிவா அச்சாச்சாம்.

பிளேட் போட்டு, மெஷின்ல ஏத்தி, நாலு கலரும் ஒண்ணுமேல ஒண்ணு சரியா உக்கார வெச்சு, மையையும் தண்ணியையும் சமன் பண்றதுக்குள்ள தாள் பாட்டுக்கு வீணாப் போயிட்டே இருக்கும். இது அத்தனையும் முதல் நல்ல தாள் வெளிய வர்றதுக்கு முன்னாடி ஆகிற செலவு. நீங்க நூறு கேட்டாலும் இதே செலவு, பத்தாயிரம் கேட்டாலும் இதே செலவு. அதுக்கப்புறம் தாளும் மையும் மட்டும்தான்.

டிஜிட்டல்ல பிளேட்டே கிடையாது. 1938 அக்டோபர் 22ம் தேதி நியூயார்க்ல செஸ்டர் கார்ல்சன் கந்தகம் பூசின ஒரு துத்தநாகத் தகட்டுல பொடியைத் தூவி முதல் ஜெராக்ஸ் எடுத்தாரே, அதோட பேரப்பிள்ளைங்க தான் இன்னிக்கு டோனர்ல ஓடற மெஷின் எல்லாம். முதல் தாளுக்கும் ஆயிரமாவது தாளுக்கும் ஒரே விலை. மெஷின் கம்பெனிக்கு ஒவ்வொரு தாளுக்கும் 'கிளிக்' காசு கட்டற கடைக்காரர், நீங்க நிறைய அடிச்சா கொஞ்சம் குறைப்பார், ரொம்பக் குறைக்க முடியாது.

கணக்குக்காக ஒரு கற்பனை விலை வெச்சுக்குவோம். ஒரு கலர் நோட்டீஸுக்கு ஆஃப்செட்ல ஆரம்பச் செலவு 3000 ரூபாய், அப்புறம் தாளுக்கு 1 ரூபாய். டிஜிட்டல்ல தாளுக்கு 7 ரூபாய். 200 அடிச்சா ஆஃப்செட் 3200, டிஜிட்டல் 1400. 2000 அடிச்சா ஆஃப்செட் 5000, டிஜிட்டல் 14000. 500ல ரெண்டும் ஒண்ணு. அவ்வளவுதான், இதுக்கு எம்.பி.ஏ. வேணாம். எல்லாரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிட்டு, "500க்கு மேலன்னா ஆஃப்செட், கீழன்னா டிஜிட்டல்"னு முடிச்சுடுவாங்க.

இங்கதான் என் சண்டையே. இந்தக் கணக்குல ஒரு பொய் ஒளிஞ்சிருக்கு. அடிச்சதெல்லாம் பயன்படும்ங்கிற பொய்.

எங்க மதினி மகளிர் குழுவுல குண்டு மிளகாய்ப் பொடி பாக்கெட் போடுறாங்க. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சதும் டவுன் கடைகள்ல கேட்க ஆரம்பிச்சாங்க, இவங்களுக்கும் உற்சாகம். (புவிசார் குறியீடு கிடைச்சுடுச்சுன்னு அவங்கவங்க பாட்டுக்கு லேபிள்ல அந்த முத்திரையைப் போட முடியாது, அதுக்குத் தனியா பதிவு பண்ணின பயனாளியா இருக்கணும். இதையும் எந்த அச்சகமும் சொல்லாது, கேட்டதை அடிச்சுக் கொடுத்துடும்.) பவுச்சுலயே அச்சடிக்கணும்னா சிலிண்டர் வெட்டணும், அதுக்கெல்லாம் பெரிய கம்பெனிதான் கட்டுப்படியாகும். அதனால சாதா பவுச், மேல ஸ்டிக்கர்.

டிஜிட்டல்ல ஸ்டிக்கர் ஒண்ணு 2 ரூபாய்னு சொன்னாங்க. ஆஃப்செட் ஏஜென்ட் வந்தார். "அக்கா, பத்தாயிரமா அடிங்க, ஒண்ணு 60 காசு தான். 2 ரூபா எங்க, 60 காசு எங்க"ன்னார். மதினி என்கிட்ட போன் பண்ணி, "தம்பி, மூணு மடங்குக்கு மேல லாபம்டா"ன்னு சொன்னப்ப ஏற்கெனவே குழுப் பணத்துல 6000 ரூபாயைக் கொடுத்து முடிச்சுட்டாங்க. 2023 ஜூலை.

மாசம் 200 பாக்கெட் போச்சு. டிசம்பர் முடிய 1200. 2024 ஜனவரி 1ல இருந்து பாக்கெட் பொருள்ல கிராமுக்கு என்ன விலைன்னு தனியா போடணும்ங்கிற எடையளவு விதி அமலுக்கு வந்தது. பல தடவை தேதி தள்ளித் தள்ளிப் போய் கடைசியில வந்த விதி. இவங்க லேபிள்ல அது இல்லை. டவுன் கடைக்காரர், "புது லேபிள் இருந்தாத்தான் ஷெல்ஃப்ல வைப்பேன், செக்கிங் வந்தா நான் மாட்டிக்குவேன்"னுட்டார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. மிச்சம் 8800 ஸ்டிக்கர் அட்டைப்பெட்டியோட மூலையில.

இப்ப சொல்லுங்க, ஒரு பீஸ் எவ்வளவு வந்துச்சு? 6000 வகுத்தல் 1200. அஞ்சு ரூபாய். 60 காசு இல்லீங்க, 5 ரூபாய். அதையே டிஜிட்டல்ல வேணும்கிறப்ப இருநூறு முன்னூறா எடுத்திருந்தா மொத்தம் 2400ல முடிஞ்சிருக்கும். மிச்சம் 3600 குழுவுல சுத்தியிருக்கும். பன்னெண்டு பொம்பளைங்க காசு அது, பாதி பேருக்குக் கடன் வாங்கிப் போட்ட காசு.

அந்த ஏஜென்ட் பொய் சொல்லலை, அதையும் கவனிங்க. 60 காசுங்கிறது நிஜம். அவர் சொல்லாம விட்டது, 2 ரூபாய் கணக்குல 6000 ரூபாய்க்கு 3000 ஸ்டிக்கர் வரும், அதாவது மாசம் 200 போற வியாபாரத்துக்கு 15 மாசச் சரக்கு வரும்ங்கிறதை. 15 மாசம் அந்த லேபிள்ல ஒரு எழுத்து மாறாம இருந்தாத்தான் ஆஃப்செட் ஈடுகொடுக்கவே ஆரம்பிக்கும், லாபம் அதுக்கும் அப்புறம். ஆக கேக்க வேண்டிய கேள்வி 'ஒரு பீஸ் எவ்வளவு'ங்கிறது இல்லை. 'இது தீர எத்தனை மாசம், அதுக்குள்ள இதுல என்னவெல்லாம் மாறலாம்?'

மாறாதுன்னு நினைக்கிறீங்களா? 2017 ஜூலை 1 ஞாபகம் இருக்கா? ஜி.எஸ்.டி. வந்த அன்னிக்கு நாட்டுல இருக்கிற கடைங்க அத்தனையிலயும் 11 இலக்க டின் நம்பர் போட்ட பில் புக் ஒரே ராத்திரியில பழைய பேப்பர் ஆச்சு. 15 இலக்க புது நம்பரோட, மாநில வரி, மத்திய வரின்னு ரெண்டு காலத்தோட மறுபடி அடிக்க வேண்டி வந்துச்சு. 50 புக் அடிச்சு வெச்சவரும் உண்டு, 5 புக் அடிச்சவரும் உண்டு. 50 அடிச்சவர் தான் 'புத்திசாலித்தனமா' கம்மி ரேட்டுல அடிச்சவர். 2019 ஜனவரி 1ல தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தப்ப கடைப் பேர் போட்ட கவர் மூட்டை மூட்டையாக் கிடந்துச்சு. 2025 செப்டம்பர் 22ல வரி விகிதம் மாறினப்ப மிக்சர், ஊறுகாய்னு பல சரக்கு 12லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கிச்சு. பெரிய பெரிய கம்பெனிங்க கிட்டயே பழைய விலை போட்ட பாக்கெட் மலைபோல இருந்ததால, மேல ஸ்டிக்கர் ஒட்டியோ முத்திரை குத்தியோ விக்கலாம்னு சர்க்காரே அவகாசம் கொடுக்க வேண்டி இருந்துச்சு. அவங்களுக்கு ஒட்டறதுக்கு ஆள் இருக்கு. மதினிக்கு?

அப்ப டிஜிட்டல் தான் தெய்வம்னு கிளம்பிடாதீங்க. அடுத்து உங்களுக்குத்தான்.

நாள்காட்டியை எடுங்க. ஆடிப்பெருக்கு அன்னிக்கு சிவகாசியில அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க, ஊர் ஊரா ஏஜென்டுங்க அதைத் தூக்கிக்கிட்டு அலைவாங்க. நகைக்கடைக்காரர் 2000 தினசரி காலண்டர் கேப்பார். தேதியும் ராகுகாலமும் எல்லாருக்கும் ஒண்ணுதான், லட்சக்கணக்குல ஓட்டி அட்டையில கடைப் பேரை மட்டும் தனியா அடிச்சுச் சேர்த்துடுவாங்க. இதை டிஜிட்டல்ல அடிக்கிறேன்னு எவனாவது சொன்னா அவனை நம்பி டீக்குக்கூட காசு கொடுக்காதீங்க. சிவகாசி அச்சுத்தொழிலே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட வளர்ந்தது தானே. மாறாத லேபிள், தீராத தேவை. ஆஃப்செட்டுக்கு அதைவிடப் பொருத்தமான ஜாதகம் கிடையாது.

பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகை ஆயிரம்னா அப்படித்தான், அன்னிக்கே எல்லாம் தீர்ந்துடும், மறுநாள் மாற எதுவும் இல்லை (மாப்பிள்ளை மாறினா அது வேற கதை :-) ). கெட்டி அட்டையில டோனர் அச்சை மடிச்சா மடிப்புல வெள்ளையா வெடிப்பு விழும், பத்திரிகையைப் பிரிக்கிற ஒவ்வொருத்தர் கண்ணும் அங்கதான் போகும். கடையோட சிவப்பு அதே சிவப்பா வருஷம் பூரா வரணும்னா தனி மை கலந்து ஆஃப்செட்ல அடிக்கிறதுதான் வழி. சாதாரண ஒரு கலர் பில் புக்குக்கு, நம்பர் குத்தி, கிழிக்க ஓட்டை போட்டு, கார்பன் இல்லாத மூணு கலர் தாள்ல, இன்னிக்கும் மினி ஆஃப்செட் தான் ராஜா. ஆனா 50 புக் இல்லை, தீர்ற அளவு.

விசிட்டிங் கார்டு ஒரு வேடிக்கை. 1000 கார்டு இவ்வளவு சல்லிசா எப்படி வருதுன்னா, உங்க கார்டோட இன்னும் இருபது பேர் கார்டையும் ஒரே பிளேட்ல சேர்த்து ஓட்டறாங்க. பிளேட் செலவைப் பங்கு போட்டுக்கறீங்க. ஷேர் ஆட்டோ மாதிரி. சீப்பு தான், ஆனா டிரைவரை உங்க வீட்டு வாசல்ல நிறுத்தச் சொல்ல முடியாது. பக்கத்து கார்டுக்காரருக்கு நீலம் தூக்கலா வேணும்னா உங்க முருகன் படமும் நீலமாகும்.

டிஜிட்டல் கடைக்காரங்க பண்ற அலப்பறையையும் சொல்லணும். ஆபீஸ்ல வெக்கிற கலர் பிரின்டர்ல எடுத்துக் கொடுத்துட்டு, 'டிஜிட்டல் ஆஃப்செட்'னு போர்டு மாட்டறது. அப்படி ஒரு ஜந்துவைக் காட்டுங்கன்னா "குவாலிட்டியைச் சொல்றோம் சார்"ங்கிறது. தாள் கணக்கை மறைக்கிறது. 12க்கு 18 இஞ்சு தாள் ஒண்ணுக்கு இத்தனைன்னு விலை. உங்க லேபிளை அரை இஞ்சு குறைச்சா ஒரு தாள்ல கூட எட்டு லேபிள் உக்காரும்னா அதைச் சொல்ல மாட்டாங்க. நீங்களா பென்சில் எடுத்துப் போட்டுப் பாக்கணும்.

நம்ம ஊருக்கு டிஜிட்டல் அச்சு முதல்ல வந்ததே ஃப்ளெக்ஸ் ரூபத்துல தான். ஒண்ணே ஒண்ணு அடிக்கலாம்ங்கிற வசதி வந்ததும் காதுகுத்துக்குப் பத்தடி பேனர் வெச்சு, சுவர்ல எழுதிப் பொழைச்ச ஆர்ட்டிஸ்ட் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினோம். 2019 செப்டம்பர்ல சென்னையில பேனர் சரிஞ்சு ஒரு பொண்ணு உயிர் போற வரைக்கும் போச்சு அது. ஒண்ணு அடிக்க முடியும்ங்கிறதுக்காக அடிச்சே ஆகணும்னு இல்லை. சரி, தடம் மாறுறேன்.

இப்ப நம்ம ஆளுங்க விஷயம். பதிவெழுதிச் சேர்த்ததைப் புத்தகமாப் போடற ஆசை யாருக்கு இல்லை? ஆயிரம் பிரதி, ஆயிரத்து இருநூறு பிரதிங்கிறது தமிழ்ப் பதிப்புல ரொம்ப நாளா இருந்த வழக்கம். ஈய எழுத்தை ஒவ்வொண்ணாக் கோத்து ட்ரெடில்ல அடிச்ச காலத்துல அதுல நியாயம் இருந்துச்சு. ஒரு ஃபாரம் அடிச்சதும் எழுத்தைக் கலைச்சு அடுத்த ஃபாரத்துக்குக் கோப்பாங்க. மறுபடி பத்து பிரதி வேணும்னா முதல்ல இருந்து கோக்கணும், அதனால ஒரேயடியா அடிச்சுடுவாங்க. ஈயம் போயே போச்சு, கம்பாசிட்டர் போயாச்சு, அந்த ஆயிரம் மட்டும் போகாம நின்னுச்சு. நூலக ஆணை வரும்ங்கிற நம்பிக்கை வேற அதுக்கு முட்டுக் கொடுத்துச்சு. ஆணை வராத வருஷம் கட்டிலுக்கு அடியில கட்டுக்கட்டா. கடலோரக் காத்துல வருஷம் ரெண்டு ஆனா தாள் பழுத்து அலை அலையா நெளியும், எங்க பக்கம் வந்து பாருங்க.

இன்னொரு சங்கடம், எழுத்துரு. நாம யூனிகோடுல எழுதறோம். பழைய பேஜ்மேக்கர் வெச்சிருக்கிற அச்சகத்துல அது வேலை செய்யாது, பழைய எழுத்துருவுக்கு மாத்துவாங்க, மாத்தறப்ப ஒற்றும் கொம்பும் இடம் மாறும். நாலு தடவை மெய்ப்பு பாத்தும் ஒண்ணு தப்பும். ஆஃப்செட்ல ஆயிரம் அடிச்சா அந்தத் தப்பு ஆயிரம் தடவை அச்சாகும். டிஜிட்டல்ல 50 பிரதியோட போச்சு, அடுத்த 50ல திருத்திடலாம். எழுதறவனுக்கு இதைவிடப் பெரிய வரம் என்ன வேணும்? இப்ப பல பதிப்பகங்கள் இதைத்தான் பண்றாங்க, நூறு இருநூறுன்னு. நல்லது.

ஆனா அதைச் சொல்லிப் பண்ணுங்கய்யா. 50 அடிச்சு முடிஞ்சதும் 'இரண்டாம் பதிப்பு', இன்னொரு 50 அடிச்சதும் 'மூன்றாம் பதிப்பு'. புத்தகக் கண்காட்சி முடியறதுக்குள்ள அஞ்சாம் பதிப்பு! ஆசிரியருக்கும் கணக்கு கிடையாது, வாசகனுக்கும் கிடையாது. ஆஃப்செட் காலத்துலயாவது கட்டு எண்ணினா எத்தனை வித்திருக்குன்னு தெரியும். இப்ப ராயல்டி கேட்டா "எப்பெப்ப வேணுமோ அப்பப்ப அடிக்கிறோம் சார், கணக்கு பாத்துச் சொல்றோம்"ங்கிற பதில் தான். பழைய ருஷ்யப் புத்தகங்களோட கடைசிப் பக்கத்துல எத்தனை பிரதின்னு நம்பர் இருக்கும். நம்ம பழைய தமிழ்ப் புத்தகங்கள் சிலதுலயும் 'பிரதிகள் 1200'னு இருக்கும். டிஜிட்டல்ல அடிக்கிறவங்களும் ஒவ்வொரு தடவையும் தேதியும் எண்ணிக்கையும் போடணும். ஒரு வரியை மாத்தி அடிக்கிறதுக்குத்தானே டிஜிட்டல்?

புத்தகம் போடப் போறவங்க ஒப்பந்தத்துல அந்த ஒரு வரியைக் கேளுங்க. "நம்ம பழக்கத்துல அதெல்லாம் இல்லையே"ன்னு இழுத்தா, 200, 500, 1000ன்னு மூணு எண்ணிக்கைக்கும் மொத்தத் தொகை எவ்வளவுன்னு எழுத்துல வாங்கிக்கிட்டு, நேரா அச்சகத்துக்கே போயிடுங்க. பீஸ் ரேட் சொன்னா காதுல வாங்காதீங்க.

டிஸ்கி: எனக்கு அச்சகமும் கிடையாது, பதிப்பகமும் கிடையாது. 60 காசு ஸ்டிக்கர் 8800 சும்மா கிடக்கு, பின்பக்கம் பசை இன்னும் நல்லாத்தான் இருக்கு. பள்ளிக்கூட நோட்டுக்கு லேபிளா ஒட்டிக்க வேணும்கிறவங்க சொல்லியனுப்புங்க, மிளகாய் படம் போட்டிருக்கும்.